நர்சம்மா பதில்கள்: ‘மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்!’

தேனி மாவட்டக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சம்மா, இந்த இதழில் கர்ப்பகாலத் தொல்லைகள் பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. இப்போது இரண்டரை மாசம். காலையில் சோறு கொதிக்கிற வாடை பட்டாலே குமட்டுகிறது. கம்பெனிக்குப் போனால் மெஷின் ஆயில் வாடை. மதியம் வரை வயிற்றில் எதுவும் நிற்பதில்லை. மாமியாரோ, “நாங்கல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே களை எடுத்தோம்” என்கிறார். எனக்கு மட்டும்தான் இப்படியா?
- வாசகி, திருப்பூர்

இல்லை தங்கச்சி. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு மசக்கை உண்டு. ஆறாவது வாரம் வாக்கில் ஆரம்பிக்கும், ஒன்பது பத்து வாரத்தில் ஆளைப் படுக்கப் போட்டுவிடும், நாலாம் மாசம் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இருப்பதிலேயே மோசமான கட்டத்தில் இப்போது இருக்கிறீர்கள். உங்கள் மாமியார் களை எடுத்ததும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் மசக்கை எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் நிறைய சுரக்கிறது. அது முன்பே உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு வாந்தி அதிகமாக வருகிறது என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. ஆகவே இது செல்லம் கொஞ்சுவதும் இல்லை, வேலைக்கு டிமிக்கி கொடுப்பதும் இல்லை. இந்தப் பத்தியை மடித்து மாமியார் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

வெறும் வயிறு குமட்டலைக் கிளப்பும். ராத்திரி படுக்கும்போதே தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரியோ பொட்டுக்கடலையோ ரஸ்க்கோ வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் எழுந்திருக்காமல் இரண்டு வாய் மென்று தின்றுவிட்டு, கால் மணி நேரம் அப்படியே கிடந்து, மெதுவாக எழுந்திருங்கள். எழுந்தவுடன் பல் தேய்க்கப் போகாதீர்கள். பிரஷ் நாக்கில் பட்டாலே பலருக்குப் புரட்டும், ஏதாவது சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தேய்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட வேண்டாம், ஆவியோடுதான் வாடை கிளம்புகிறது. ஆறின இட்லி, தயிர்சாதம் இதெல்லாம் இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் நடுவில் ஒவ்வொரு மடக்காகக் குடியுங்கள். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர், உப்புப் போட்ட எலுமிச்சை, இளநீர், இதில் எது உங்களுக்கு நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்லது. பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறோமே, அதை மெஷின் பக்கத்திலும் செய்யலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், இரண்டு மாசத்துக்குச் சோறு வைக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுக்காரருக்குக் குக்கர் வைக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ள இதுதான் நேரம்.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் மாத்திரை உண்டு. டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரையை டாக்டர்கள் பல வருஷமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தூக்கம் வரும். நீங்கள் ஊசியோடு வேலை செய்கிறவர், அதை டாக்டரிடம் சொல்லி, எந்த வேளைக்குப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் காலையில் போட்டு வாந்தியில் விடாதீர்கள், ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நாள் பூராவும் குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, மூத்திரம் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறது, எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. டிரிப்ஸ் போட வேண்டியிருக்கும். அந்த நிலையில் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. இன்னொரு விஷயம், கம்பெனியில் யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன். பிரசவ விடுப்பு 26 வாரம் என்பது தெரிந்திருக்கும். அது போக, கர்ப்பத்தால் உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவச் சான்று காட்டி ஒரு மாசம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்புக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

என் மருமகளுக்கு ஐந்தாம் மாசம். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையைப் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாள், போடுவதில்லை. அந்த மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், பெரிதாகி ஆபரேஷனில் முடியும் என்று யாரோ சொன்னார்களாம். மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்கிறது என்றும் சொல்கிறாள்.
- வாசகி, கும்பகோணம்

மாமியார் மருமகளுக்காக எழுதுகிற கடிதம் அபூர்வமாகத்தான் வருகிறது, சந்தோஷம்.

குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. இரும்புச்சத்து மாத்திரையால் கறுப்பாவது மலம் மட்டும்தான். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியே போகிறது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. குங்குமப்பூ போட்டால் சிவப்பாகப் பிறக்கும் என்பதும் இதே ரகம். அதற்குக் கொடுக்கிற காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். ஆபரேஷன் கதையும் அப்படித்தான். ரத்தம் குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் பிரசவத்தில் ஆபத்து. பிரசவத்தின்போது எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறவள் அதைத் தாங்கிவிடுவாள், 7 கிராமில் வருகிறவளால் முடியாது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

நாலாம் மாசத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். கணக்கு இதுதான். இதை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காபி குடித்த கையோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது, காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது வேண்டும். கும்பகோணத்துக்காரரிடம் காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, தள்ளிக் குடிக்கத்தான் சொல்கிறேன். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் அதே இடைவெளிதான். பாதி நெல்லிக்காயோ ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடட்டும்.

மலச்சிக்கல் நிஜமான தொல்லைதான், அதற்கு மருமகளைக் குறை சொல்ல முடியாது. கர்ப்பத்தில் குடலே மந்தமாகத்தான் ஓடும், இரும்பு அதைக் கூட்டிவிடுகிறது. தினம் ஒரு கீரை, வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தண்டு, தோலோடு கொய்யா, நிறையத் தண்ணீர், சாயங்காலம் கொஞ்சம் நடை. பற்றாவிட்டால் இசப்கோல் தூளைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றைப் பிடுங்கி வலியைக் கிளப்பும். எதுவுமே சரிப்படவில்லை என்றால் மாத்திரையைப் பீரோவில் வைப்பதற்குப் பதில் நர்சிடம் சொல்லட்டும். வேறு வகை மாத்திரை இருக்கிறது, ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்பை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். மாத்திரை போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறாததற்கு டாக்டர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

பூஜை அறையில் இருக்கும் திருநீறை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். பச்சரிசியும் மெல்லுகிறேன். நிறுத்த முடியவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், மதுரை

வெட்கப்பட ஒன்றுமில்லை. சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, செங்கல் என்று தின்றவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். இரும்புச்சத்து குறைந்தால் இந்த ஆசை வரும். மேலே சொன்ன மாத்திரையை ஒழுங்காகப் போட்டு ரத்தம் ஏறினால் பெரும்பாலும் தானே போய்விடும். கடைத் திருநீறில் என்னென்ன கலந்திருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது, அதனால் டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள்.

எட்டு மாசம் முடிந்துவிட்டது. ஒரு வாரமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. ராத்திரியில் தூங்கவே முடியவில்லை, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தடிப்பு எதுவும் இல்லை. “வயிறு விரியுதுல்ல, அதான்” என்று தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள்.
- வாசகி, நாகர்கோவில்

இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி என்பதால் இவருக்குப் போனிலேயே சொல்லிவிட்டோம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வயிறு விரியும்போது வயிற்றில் அரிப்பது சாதாரணம். அதற்குத் தேங்காய் எண்ணெய் போதும், தளர்ந்த பருத்தி உடை போதும். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், அதுவும் கடைசி மூன்று மாசத்தில், அதுவும் ராத்திரியில், தோலில் ஒன்றுமே தெரியாமல் அரிக்கிறது என்றால் அது வயிறு விரிவதால் இல்லை. கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நோய் நம் தெற்காசியப் பெண்களுக்கு ஐரோப்பியப் பெண்களைவிட அதிகமாகவே வருகிறது. தாய்க்கு அரிப்புதான் பெரிய தொல்லை. ஆனால் பித்த அமிலம் மிக அதிகமாக ஏறினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து உண்டு. கல்லீரல் பரிசோதனை, பித்த அமிலம் இரண்டுக்கும் ரத்தம் எடுப்பார்கள். முதல் தடவை சரியாக இருந்து அரிப்பு நிற்காவிட்டால் மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் அரிப்பு வந்து பிறகு ரிசல்ட் மாறுவதும் உண்டு. அளவைப் பார்த்துத்தான் பிரசவத்தை முன்கூட்டி வைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். மூத்திரம் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது இதெல்லாம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

“மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்” என்ற வாக்கியத்தை என் சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பாதி நேரம் அது சரி. இந்த மாதிரி மீதி நேரத்துக்குத்தான் செக்கப் என்று ஒன்று வைத்திருக்கிறோம்.

மனைவிக்கு ஏழாம் மாசம். நடு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தைலம் தேடுகிறேன்.
- வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

தைலம் தேடுகிற நேரத்தில் வலியே போயிருக்கும் தம்பி. செய்ய வேண்டியது இது. அவர் முழங்காலை நீட்டி வைக்கட்டும். நீங்கள் ஒரு கையால் குதிகாலைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையால் பாதத்தின் முன்பகுதியை அவர் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். விரல்களை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், வெடுக்கென்றும் தள்ளாதீர்கள். கல் மாதிரி உருண்டிருந்த சதை உங்கள் கண்ணெதிரே தளர்வது தெரியும். தளர்ந்ததும் நீவிவிட்டு, எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் நைட் ஷிப்டில் இருந்தால் அவரே எழுந்து சுவரில் கை ஊன்றி, பிடித்த காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கலாம். படுக்கும் முன் இதையே இரண்டு காலுக்கும் செய்துவிட்டுப் படுப்பது நல்லது.

ஒரே காலில் மட்டும் வலி விடாமல் இருக்கிறது, அந்தக் கால் வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால் நீவிவிடாதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். நேராக ஆஸ்பத்திரிதான்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சாயங்காலமானால் பாதம் வீங்கி மெட்டி இறுகுகிறது. உப்பைக் குறை, தண்ணீரைக் குறை, பார்லி கஞ்சி குடி என்கிறார்கள். மெட்டியைக் கழற்றவும் விடமாட்டேன் என்கிறார் பாட்டி.
- வாசகி, சேலம்

சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிற பாத வீக்கம் பயப்படும் வீக்கம் இல்லை. பார்லி கஞ்சி பிடித்தால் குடியுங்கள், ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். உப்பை ஒரேயடியாக விடவும் வேண்டாம், ஊறுகாய் அப்பளத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மெட்டியை வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிவிடுங்கள். கழற்றிய மெட்டியைப் பாட்டி கையில் கொடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. மோதிரமும் அப்படியே.

வளைகாப்பில் மணைப்பலகை வேண்டாம், நாற்காலி போடச் சொல்லுங்கள். சந்தனம் பூச வருகிறவர்கள் குனிந்து பூசட்டும், ஒவ்வொருவருக்கும் நீங்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. நடுவில் மூத்திரம் வந்தால் அடக்காதீர்கள், கர்ப்பத்தில் மூத்திரத்தில் கிருமி சுலபமாகச் சேரும். எத்தனை வகை கலவை சாதம் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி என்று ஆரம்பித்தால் ராத்திரி நெஞ்செரிச்சலில்தான் போய் நிற்கும்.

ஆனால் முகம் உப்புகிறது, காலையில் விரல் மடக்க முடியவில்லை, தலைவலி விடவில்லை, கண் முன்னால் பூச்சி பறக்கிறது, மேல் வயிற்றில் வலி, இதில் எது இருந்தாலும் வளைகாப்பு அன்றைக்கே ஆனாலும் பி.பி. பார்த்துவிட்டு வந்து வளையல் போட்டுக்கொள்ளுங்கள். 140/90 தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டிய அளவு. பிரஷர் ஏறும்போது பலருக்கு உடம்பில் எதுவுமே தெரியாது, அதனால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் கையில் பட்டையைச் சுற்றுகிறோம்.

இடது பக்கம்தான் படுக்க வேண்டுமாமே? தூக்கத்தில் மல்லாந்து விழித்துக்கொண்டால் பயந்து அழுதுவிடுகிறேன்.
- வாசகி, கோவை

28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்துத் தூங்கப்போக வேண்டாம் என்பதுதான் விஷயம். கர்ப்பப்பையின் கனம் பின்னால் இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். வலது பக்கமும் படுக்கலாம். முழித்துப் பார்த்தால் மல்லாந்திருக்கிறீர்களா, திரும்பிப் படுத்துத் தூங்குங்கள், அழ வேண்டாம். முழங்கால் நடுவில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலியும் குறையும்.

இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடலாமா?
- வாசகி, விழுப்புரம்

கூடாது. கடையில் பெரும்பாலும் ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 20 வாரத்துக்குமேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லும் வேண்டாம். டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால், அதுவும் தேவைக்கு மட்டும். வெந்நீர் ஒத்தடம் இடுப்புக்குக் கொடுக்கலாம், வயிற்றுக்கு வேண்டாம்.

முப்பத்தாறு வாரம். அடிக்கடி வயிறு இறுகி வலிக்கிறது. சூட்டு வலி என்று அத்தை சீரகத் தண்ணீர் கொடுக்கிறார். நிஜ வலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, புதுக்கோட்டை

சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை, அத்தை மனம் நோகாமல் குடியுங்கள். குடித்துவிட்டு மூத்திரம் போய்விட்டு, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். சூட்டு வலி என்றால் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும், படுத்தால் குறையும். நிஜ வலி இடுப்பில் கிளம்பி முன்னால் வரும், படுத்தாலும் நடந்தாலும் விடாது, ஒவ்வொரு வலியும் முந்தினதைவிடப் பலமாகவும் சீக்கிரமாகவும் வரும். செல்போனில் மணி பார்த்து எழுதுங்கள்.

முதல் பிரசவம் என்றால், நாள் நெருங்கின பிறகு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பச் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு இன்னும் 37 வாரம் ஆகவில்லை. அதனால் ஒழுங்கான இடைவெளியில் வலி வருவது தெரிந்தாலே போய்விடுங்கள், சீரகம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாம். தண்ணீர் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தை துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால் வலி இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு நைட்டி, பழைய மெத்தென்ற வேட்டித் துணி எல்லாம் ஒரே பையில் கதவுப் பக்கம் இருக்கட்டும். ஆட்டோக்காரர் நம்பர் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, அத்தை போனிலும் போட்டுக் கொடுங்கள்.